கிரிப்டோ வாலட் பாதுகாப்பு: கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறாவிட்டால் என்ன ஆகும்?

புதுதில்லி: இந்தியாவின் முன்னணி கிரிப்டோ பரிமாற்றத் தளங்களுள் ஒன்றான வாசிர்எக்ஸின் வாலட் ஒன்றிலிருந்து 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ ரூ.2,000 கோடி மதிப்புள்ள சொத்துகள் களவு போயின. தில்லி காவல்துறையின் சிறப்புப் பிரிவும் விசாரித்த இந்தச் சம்பவம், தனிநபர் வாலட் வைத்திருப்போருக்கும் ஒரு பாடத்தை விட்டுச் சென்றுள்ளது. பூட்டு உறுதியாக இருந்தாலும், உரிமையாளரே படிக்காமல் இடும் ஒரு கையெழுத்து கதவைத் திறந்துவிடும் என்பதே அது.

அந்த வாலட் ஒரு ஸ்மார்ட் ஒப்பந்தமாக இயங்கியது. ஸ்மார்ட் ஒப்பந்தம் என்பது பிளாக்செயினில் பதிவு செய்யப்பட்டு, விதிக்கப்பட்ட நிபந்தனை நிறைவேறியதும் தானாகச் செயல்படும் கணினி நிரல். பணத்தை நகர்த்தும் அதிகாரம் ஆறு பேரிடம் பகிரப்பட்டிருந்தது. அவர்களில் ஐவர் வாசிர்எக்ஸ் தரப்பினர். ஒருவர் பாதுகாப்புச் சேவை வழங்கிய லிமினல் தரப்பினர். திரையில் காட்டப்பட்ட பரிவர்த்தனை ஒன்றாகவும், உண்மையில் கையெழுத்தானது வேறொன்றாகவும் இருந்ததாக வாசிர்எக்ஸ் தனது முதற்கட்ட விளக்கத்தில் கூறியது. தனது கட்டமைப்பு ஊடுருவப்படவில்லை என்று லிமினல் மறுத்தது. பழி யாரைச் சேர்ந்தாலும், வாலட்டின் கட்டுப்பாடு கைமாறியது கையெழுத்துகள் வழியாகத்தான். வட கொரிய ஊடுருவலாளர்களே இதற்குப் பொறுப்பு என அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய நாடுகள் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன.

தனிநபருக்கு எங்கே ஆபத்து?

பரிமாற்றத் தளத்தில் கணக்கு வைத்திருப்போரின் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கும். மெட்டாமாஸ்க் போன்ற சொந்த வாலட் வைத்திருப்போர் சாவியைத் தாங்களே காக்கின்றனர். இவர்கள் டோக்கன்களை மாற்றவோ கடனுக்கு விடவோ ஓர் இணையச் செயலியை நாடும்போது, அதன் ஸ்மார்ட் ஒப்பந்தம் முதலில் ஓர் அனுமதியைக் கேட்கும். ‘இந்த டோக்கனை என் வாலட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்’ என்பதே அதன் பொருள். ஒவ்வொரு முறையும் கட்டணம் செலுத்தி அனுமதி தருவதைத் தவிர்க்க, பல செயலிகள் வரம்பற்ற தொகைக்கே அனுமதி கோருகின்றன.

இது ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதைப் போன்றது. ரத்து செய்யும் வரை பெரும்பாலும் அது காலாவதியாவதில்லை. இன்று நூறு டாலருக்காகத் தந்த அனுமதி, ஓராண்டு கழித்து அதே டோக்கனில் வந்துசேரும் பெருந்தொகைக்கும் பொருந்தும்.

யுபிஐ ஆட்டோபே முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வங்கிக் கணக்கில் மாதத் தவணைக்கு அனுமதி தந்தவருக்கு, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. பொதுவாக ரூ.15,000-க்கு மேற்பட்ட தொகைக்குக் கூடுதல் உறுதிப்படுத்தலும் தேவை. கிரிப்டோ வாலட்டில் முன்னறிவிப்பும் இல்லை. இடையில் நிறுத்த வங்கியும் இல்லை.

இதன் விளைவு 2021 டிசம்பரில் உலகறிந்ததாயிற்று. பேட்ஜர்டாவ் என்ற தளத்தின் இணையப் பக்கத்தில் தீய நிரலைப் புகுத்தியவர்கள், பயனர்களிடம் கூடுதல் அனுமதிகளைப் பெற்று, சுமார் 12 கோடி டாலரைச் சுருட்டினர். 2024 அக்டோபரில் ரேடியன்ட் கேப்பிட்டல் தளம் தாக்கப்பட்டபோதும், அதன் ஒப்பந்தங்களுக்கு முன்னர் தந்த அனுமதிகளை உடனே ரத்து செய்யுமாறு பயனர்கள் எச்சரிக்கப்பட்டனர்.

தவறான நம்பிக்கைகள்

தளத்திலிருந்து வாலட்டின் இணைப்பைத் துண்டித்தால் அனுமதியும் நீங்கிவிடும் எனப் பலர் நினைக்கின்றனர். அது உண்மையன்று. இணைப்பு உலாவியில் உள்ளது. அனுமதியோ பிளாக்செயினில் பதிவாகியுள்ளது. செயலியை நீக்குவதாலும் கடவுச்சொல்லை மாற்றுவதாலும் பயனில்லை. லெட்ஜர் போன்ற வன்பொருள் வாலட் சாவியைக் காக்குமே தவிர, ஏற்கெனவே தந்த அனுமதியைத் தடுக்காது. கட்டணமே இல்லாத வெறும் கையெழுத்து தீங்கற்றது என்பதும் பிழை. சில டோக்கன்களில் அக்கையெழுத்தே அனுமதியாகும்.

செய்ய வேண்டியவை

எந்தெந்த ஒப்பந்தங்களுக்கு அனுமதி உள்ளது என்பதை ஈதர்ஸ்கேன் தளத்தின் அனுமதிச் சரிபார்ப்புப் பக்கத்திலோ, ரிவோக் கேஷ் தளத்திலோ காணலாம். வாலட் முகவரியை உள்ளிட்டால் பட்டியல் கிடைக்கும். பயன்படுத்தாத, வரம்பற்ற அனுமதிகளை முதலில் ரத்து செய்ய வேண்டும். ஒவ்வொரு ரத்துக்கும் சிறு வலையமைப்புக் கட்டணம் உண்டு. எத்தீரியம், பாலிகான் எனப் பல வலையமைப்புகளைப் பயன்படுத்துவோர் ஒவ்வொன்றிலும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

புதிய அனுமதி தரும்போது, தேவையான தொகையை மட்டும் வரம்பாகக் குறிப்பது நல்லது. சேமிப்புக்கு ஒன்றும், செயலிகளோடு இணைக்க ஒன்றுமாக இரு வாலட்டுகள் வைத்திருந்தால் இழப்பு சுருங்கும். ‘உடனே ரத்து செய்யுங்கள்’ என்று டெலிகிராமில் வரும் இணைப்புகளே மோசடிக் கண்ணியாக இருக்கக்கூடும். எனவே தள முகவரியைத் தாமே தட்டச்சு செய்வது பாதுகாப்பு. மீட்புச் சொற்றொடர் கசிந்திருந்தால் ரத்து உதவாது. புதிய வாலட்டுக்குச் சொத்தை மாற்றுவதே வழி.

சட்டம் எதுவரை வரும்?

கிரிப்டோ ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. 2023 மார்ச் முதல் பரிமாற்றத் தளங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துள்ளன. ஆனால் இவை நிறுவனங்களையும் வருவாயையும் கண்காணிப்பவை. தனிநபர் தன் வாலட்டில் தரும் அனுமதியை இவை தொடுவதில்லை. வாசிர்எக்ஸ் களவால் பாதிக்கப்பட்டோர் தொடுத்த மனுவை, கொள்கை வகுப்பது தன் வேலையன்று எனக் கூறி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அதே ஆண்டு அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், முடக்கப்பட்ட தன் நாணயங்களைக் காக்கக் கோரிய ஒரு வாடிக்கையாளரின் வழக்கில், கிரிப்டோ நாணயமும் சொத்தே என்று தீர்ப்பளித்தது. இது முதலீட்டாளர்களுக்கு முக்கியமான ஆதரவு. எனினும், இந்தியாவில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு நீதிமன்றம் ஆணையிட முடியும். பெயரும் நாடும் தெரியாத ஒரு வாலட் முகவரிக்கு ஆணையிடுவது கடினம்.

பணம் பறிபோனால் 1930 உதவி எண்ணில் உடனே புகார் அளிப்பது அவசியம். ஆனால் பிளாக்செயினில் முடிந்துவிட்ட பரிவர்த்தனையைக் காவல்துறையாலும் திருப்ப இயலாது. அனுமதியை ரத்து செய்யும் அதிகாரமோ இன்னும் வாலட் உரிமையாளர் கையில்தான் இருக்கிறது. களவுக்கு முன் பயன்படுத்தினால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.