வாயில்லாதவரின் வலி

முப்பது வயது கடந்த ஒருவர், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர், பேச்சு வராதவர். சில தினங்களாகத் தம் கன்னத்தில் தாமே ஓங்கி அறைந்துகொள்கிறார். தலையைத் தூணில் மோதுகிறார். வீட்டார் கைகளைக் கட்டுகின்றனர். தூக்க மருந்துக்கு அலைகின்றனர். 'அது அவர் சுபாவம்' என்று ஊரும் தீர்ப்புக் கூறிவிடுகிறது. கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்த்தவர் எத்தனை பேர்?

இத்தகையோர் தம்மைக் காயப்படுத்திக்கொள்வதற்குத் தேக நோய் பல சமயங்களில் காரணமாகிறது என்பது வைத்திய சாஸ்திரம் நன்கறிந்த விஷயம். பல்வலி, காதில் சீழ், நாட்பட்ட மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், மாதவிடாய் வலி, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றைச் சொல்ல நமக்கு நாவுண்டு. அவருக்கோ கைதான் உண்டு. அடக்குவதற்கென்று கொடுக்கும் மருந்துகளிற் சில மலச்சிக்கலை அதிகரிக்கும். சில, இருப்புக் கொள்ளாத தவிப்பை உண்டாக்கும். நோய் இருந்த இடத்திலேயே இருக்க, நோயாளியை மட்டும் அடக்குவதால் பயன் யாது? கண்ணருகே ஓயாது அறைந்து பார்வையை இழந்தோரும் உண்டு.

எல்லாவற்றிற்கும் தேக நோயே காரணமென்று நாம் வாதிக்கவில்லை. பழக்கமும், தனிமையும், மனத்துயரும் காரணமாகலாம். ஆனால் தேகத்தைச் சோதித்த பின்னரே அவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறோம்.

கட்டிவைப்பதன் முடிவை நமது அண்டை ஜில்லாவே கண்டது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், சங்கிலியில் பிணித்திருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டனர். நாம் குறிப்பிடுவோர் மனநோயாளிகள் அல்லர். ஆயினும், விசாரியாமல் கட்டும் வழக்கம் இரு சாராருக்கும் பொதுவாக இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை அளிக்க வேண்டுமென்று 2016-ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. சட்டம் ஏட்டளவில் நின்றால் போதாது. தேவகோட்டை அரசு மருத்துவமனைக்கு இத்தகையவர் எவர் வந்தாலும், தூக்க மருந்தெழுதுமுன் பல், காது, வயிறு மூன்றையும் அன்றே சோதிக்க வேண்டும். வீட்டாரும், அடித்துக்கொள்வது என்று தொடங்கிற்று, எந்தப் பக்கம், உணவுக்குப் பின்னரா, மலங்கழிந்து எத்தனை நாளாயிற்று என்பவற்றைக் குறித்துவைத்து வைத்தியரிடம் கூற வேண்டும். அக்குறிப்பே அவருடைய வாக்குமூலம். கொலைக் குற்றவாளியைக்கூட விசாரியாமல் தண்டிக்காத இத்தேசத்தில், வலியால் துடிக்கும் ஒருவரை விசாரியாமல் கட்டிவைப்பது எந்த நியாயத்தில் சேரும்?