கம்பி இழுத்த கைகள் கணக்கும் போடட்டும்!



2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவுக்கு மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது. அதற்கு மேலே கம்பி கிடையாது. ஓரமாகச் செல்லும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. நமது தொழிற்பேட்டையிலோ ஒரு மோட்டார் நின்றால் ஒரு ஷிப்டே நிற்கிறது. இங்கே முதலாளிக்கும் முதலாளி மின்சாரம்தான்!

அந்த மின்சாரத்தின் முன் நாம் நிற்கும் இடம் எது? பள்ளம் தோண்டிக் கேபிள் புதைக்கிறோம். பேனலுக்கு போல்ட் முடுக்குகிறோம். ஏணி பிடிக்கிறோம். எவ்வளவு தடிமனில் கேபிள் போடுவது, எத்தனை ஆம்பியரில் பிரேக்கர் ட்ரிப் ஆவது என்று முடிவு செய்யும் மேசையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்?

இது இன்று நேற்றைய கதையன்று. 1902இல் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்குப் போனது. பெங்களூர் நகருக்கே 1905இல்தான் விளக்கு எரிந்தது. திட்டம் வகுத்தவர் டி லாட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர். மின் இயந்திரங்களைத் தந்தது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி. அந்த மின்சாரம் இயக்கிய சுரங்கத்தில் இறங்கியவர்களோ பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் பிழைக்கப் போன தமிழர்கள்! 1911இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் மின் தொழில்நுட்பத் துறை தொடங்கியது. 1917இல் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் அரசுப் பொறியியல் கல்லூரி எழுந்தது. கல்விக்கூடங்கள் வந்தன, கூலிக்காரன் குடிசைக்கும் அவற்றின் வாசலுக்கும் இடையே இருந்த தூரம் மட்டும் குறையவில்லை.

மின்பொறியியல் என்றால் வயரிங் வேலை என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. மோட்டார், டிரான்ஸ்பார்மர், மின்நிலையம், சூரிய மின்சாரம், பாட்டரி வண்டி என்று அனைத்தையும் வடிவமைக்கும் நான்காண்டுப் படிப்பு அது. அதற்கு அடித்தளம் கணிதமும் இயற்பியலும். ஆனால் நம் பிள்ளைகள் பலருக்கு முதல் தடை கணிதமன்று. பள்ளி மாறிய கணக்குதான்!

கர்நாடகத்தில் சி.இ.டி. வழியே அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி. முடிய ஏழு ஆண்டுகளேனும் இம்மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. அல்லது இரண்டாம் பி.யூ.சி.யை இங்கே தேறியிருக்க வேண்டும். அரசு ஊழியர், ராணுவத்தார் போன்றோரின் பிள்ளைகளுக்குத் தனி விதிகள் உண்டு. கூலித் தொழிலாளி பிள்ளைக்குப் பெரும்பாலும் இதுவே வழி. ஐந்தாம் வகுப்பு வரை தருமபுரியில் பாட்டி வீட்டில் படித்து, ஆறாம் வகுப்புக்கு இங்கே வந்த பிள்ளைக்கு ஏழாண்டு சரியாகிவிடும். ஏழாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு ஓராண்டு குறையும். அந்த ஓராண்டில் ஒரு வாழ்க்கையே போய்விடும்!

தமிழ்நாட்டிலோ, எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படிக்காத தமிழ்நாட்டுப் பிள்ளை பிறப்பிடச் சான்று கொண்டுவர வேண்டும். 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அம்மாநில அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. இதற்கு மேல், ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதிச் சலுகை வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் கூடவே வராது என்று 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. உழைப்பு மட்டும் எல்லை தாண்டலாம், உரிமை அத்திப்பள்ளிச் சாவடியிலேயே நின்றுவிட வேண்டுமா?

ஆகவே நாம் கேட்கிறோம். கர்நாடக அரசே! வேலை தேடி அலையும் பெற்றோரின் பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி.யும் பி.யூ.சி.யும் இங்கே தேறினால் அதுவே போதும் என்று விதியைத் தளர்த்துக! தமிழ்நாட்டு அரசே! வெளிமாநில அரசுப் பள்ளியில் படிக்கும் உன் தொழிலாளர் பிள்ளைகளையும் உன் பிள்ளைகளாகவே கணக்கில் கொள்க! பிறப்பிடச் சான்றுக்கு அலைய விடாதே!

அரசுகள் அசையும்வரை நாம் கைகட்டி நிற்பதா? பெற்றோர்களே, பிள்ளையை ஊருக்கு அனுப்புமுன் ஏழாண்டை விரல்விட்டு எண்ணுங்கள். ஒவ்வொரு பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும் படிப்புச் சான்றையும் ரேஷன் கார்டைப் போலப் பத்திரப்படுத்துங்கள். கன்னடம் கற்கட்டும் பிள்ளைகள். அதனால் வீட்டுத் தமிழ் தேய்ந்துவிடாது. பி.யூ.சி. கைகூடவில்லையென்றால் பாலிடெக்னிக் உண்டு. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் நுழைவுத் தேர்வெழுதி, பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே நேராகச் சேரலாம். மகனுக்குச் சொன்னது அத்தனையும் மகளுக்கும்தான். கார்மென்ட்ஸ் வாசலில் அவளுக்காக இடம் பிடித்து வைக்காதீர்கள்!

படித்த இளைஞர்களே, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுங்கள். சங்கம் என்பது ஆண்டுக்கொருமுறை பொங்கல் விழா எடுப்பதற்கு மட்டுமா?

நம் தந்தையர் கம்பி இழுத்தார்கள். நாம் பேனல் துடைக்கிறோம். அந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்று நம் பிள்ளைகள் கணக்குப் போடட்டும்!