பஞ்சாங்கம் சொல்லும் கூட்டம்

நாம் தை அமாவாசையாகக் கடைப்பிடிக்கும் நாளை வட இந்தியர்கள் மௌனி அமாவாசை என்கின்றனர். அன்று கங்கையும் யமுனையும் கூடும் பிரயாக்ராஜில் நீராடுவது பெரும் புண்ணியம் என்பது நம்பிக்கை. அந்த நாள் எப்போது வரும் என்பதைப் பஞ்சாங்கம் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணித்துச் சொல்லிவிடுகிறது. ஆகவே, அந்நாளில் திரளும் கூட்டம் நிலநடுக்கம்போல எதிர்பாராமல் வருவதன்று. அப்படியிருந்தும், புனித நீராடலுக்குச் செல்வோரும் திரும்புவோரும் ரயில் நிலையங்களில் மிதிபட்டு இறப்பது ஏன்?

12 ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு துயரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று கருதுகிறேன்.

முதலாவது, 2013 பிப்ரவரி 10 அன்று அலகாபாத் சந்திப்பில் நிகழ்ந்தது. தில்லி - ஹௌரா முதன்மைப் பாதையில் அமைந்த இந்த நிலையத்துக்கு, 2020-இல் பிரயாக்ராஜ் சந்திப்பு எனப் பெயர் மாற்றப்பட்டது. அன்று மௌனி அமாவாசை. நீராடிவிட்டு ஊர் திரும்ப வந்தவர்களால் மாலைக்குள் நிலையம் நிரம்பி வழிந்தது. நடைமேம்பாலத்தையொட்டி ஏற்பட்ட நெரிசலில் குறைந்தது 36 பேர் உயிரிழந்தனர். ரயில் வரும் நடைமேடை கடைசி நேரத்தில் மாற்றி அறிவிக்கப்பட்டதாக நேரில் கண்டவர்கள் கூறினர். காவல் துறையினர் தடியடி நடத்தினர் என்றும் சிலர் கூறினர்.

இரண்டாவது, 2025 பிப்ரவரி 15 இரவு புது தில்லி ரயில் நிலையத்தில் நிகழ்ந்தது. கும்பமேளாவுக்குப் புறப்பட்டவர்கள் நிறைந்திருந்த நிலையத்தில் 18 பேர் உயிரிழந்தனர். 'பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ்', 'பிரயாக்ராஜ் சிறப்பு ரயில்' என்னும் ஒத்த பெயர்களால் பயணிகள் குழம்பியதாகக் காவல் துறை தெரிவித்தது. நடைமேம்பாலப் படிக்கட்டில் பயணி ஒருவரின் தலைச்சுமை விழுந்ததே நெரிசலுக்குக் காரணம் என்று பின்னர் நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சர் பதிலளித்தார்.

அமைச்சரின் விளக்கத்தை அப்படியே ஏற்றாலும் கேள்வி முடிந்துவிடுவதில்லை. ஒதுங்கி நிற்க இடமிருக்கும் படிக்கட்டில் மூட்டை விழுந்தால் யாரும் சாவதில்லை. மூட்டை விழுவதற்கு முன்பே அந்தப் படிக்கட்டு தாங்கக்கூடிய அளவைக் கடந்திருந்தது என்பதே உண்மை.

இரு நிகழ்வுகளுக்கும் பொதுவான கூறுகள் மூன்று. இரண்டிலும் இறந்தவர்கள் ரயிலேறக் காத்திருந்தவர்கள். இரண்டிலும், ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே வழியைப் பயன்படுத்தும் நடைமேம்பாலமே சிக்கலின் மையம். இரண்டிலும், தங்கள் ரயில் எது, அது எந்த நடைமேடைக்கு வரும் என்பதில் பயணிகளுக்குத் தெளிவில்லை. கூட்டம் மட்டுமே ஆபத்தாகிவிடாது; கூட்டத்தோடு ஐயமும் சேரும்போதுதான் அது உயிர்ப்பலி கேட்கிறது.

இதைப் பிரயாக்ராஜ் சந்திப்பு ஓரளவு புரிந்துகொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 கும்பமேளாவின் முக்கிய நீராடல் நாள்களில், நகரப் பக்கத்து வாயில் உள்ளே நுழைவதற்கும், சிவில் லைன்ஸ் பக்கத்து வாயில் வெளியேறுவதற்கும் மட்டுமே பயன்பட்டன. செல்லும் திசைக்கேற்ப நிறம் பிரித்துக் காத்திருப்புக் கூடங்கள் அமைக்கப்பட்டன. ரயில் தயாரான பிறகே பயணிகள் நடைமேடைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். நைனி, சிவ்கி, பாபாமவ், ஜூசி உள்ளிட்ட சுற்றுவட்டார நிலையங்களும் சுமையைப் பகிர்ந்துகொண்டன. அந்த மேளாவுக்கு 66 கோடிக்கும் அதிகமானோர் வந்ததாக உத்தரப் பிரதேச அரசு கூறுகிறது. அந்தக் கணக்கு எப்படியிருப்பினும், 17,000-க்கும் மேற்பட்ட ரயில்கள் இயக்கப்பட்ட அந்த 45 நாள்களில், 2013-ஐப் போன்ற துயரம் அச்சந்திப்பில் நிகழவில்லை.

ஆனால், சென்றடையும் இடத்தில் கற்ற பாடம் புறப்படும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு புண்ணியத் தலத்தின் ரயில் நிலையம் அந்த ஊரில் மட்டும் இல்லை. மேளா நாள்களில் புது தில்லியும் பாட்னாவும்கூடப் பிரயாக்ராஜின் வாயில்களே. அவ்வாறு கருதி முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால், நாட்டின் தலைநகரில் அந்த 18 உயிர்கள் பறிபோயிருக்காது என்று நம்புகிறேன்.

இனி, பயணச்சீட்டுக்கு வருவோம். ஒவ்வொரு பெட்டியிலும் ஏற்றக்கூடிய பயணிகளின் உச்ச எண்ணிக்கையை ரயில்வே நிர்வாகம் நிர்ணயிக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 57-ஆவது பிரிவு. புது தில்லி நெரிசலுக்குப் பிறகு தில்லி உயர்நீதிமன்றம் இப்பிரிவைச் சுட்டிக்காட்டியே, அளவுக்கு மீறிப் பயணச்சீட்டு விற்றது ஏன் என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆயினும், விற்பனையை நிறுத்திவிடுவதே தீர்வு என்ற முடிவுக்கு நாம் தாவிவிடக் கூடாது. முன்பதிவில்லாப் பெட்டியில் செல்பவர்கள் நாட்டின் ஏழைகள். இணையத்தில் பல வாரங்களுக்கு முன்பே இருக்கை பிடிக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. வாழ்நாளில் ஒருமுறை திரிவேணியில் மூழ்கியெழ வேண்டும் என்ற அவர்களின் ஆசையைக் கூட்டக் கட்டுப்பாடு என்ற பெயரில் தடுப்பது அநீதி.

செய்ய வேண்டியது வேறு. மேளாக் காலத்தில் முன்பதிவில்லாப் பயணச்சீட்டுடன், எந்த ரயில், எந்த நேரம், எந்தக் காத்திருப்புக் கூடம் என்ற விவரத்தையும் அச்சிட்டுத் தரலாம். ஒரு ரயிலின் இடம் நிரம்பியதும் அடுத்த ரயிலுக்கு விற்கலாம். அப்போது நிலையத்துக்குள் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதை நிர்வாகமும், தமக்கு ரயில் உண்டு என்பதைப் பயணியும் அறிந்திருப்பர். தனக்கு இடமுண்டு என்று அறிந்தவர் முண்டியடிக்க மாட்டார். ஒருமுறை அறிவித்த நடைமேடையை மாற்றுவதில்லை என்பதையும், ஒத்த பெயருடைய ரயில்களை அடுத்தடுத்து இயக்குவதில்லை என்பதையும் மீறக்கூடாத விதிகளாக்க வேண்டும்.

73 நிலையங்களில் நிரந்தரக் காத்திருப்புப் பகுதிகள் அமைக்கவும், 12 மீட்டர், 6 மீட்டர் அகலங்களில் நடைமேம்பாலங்கள் கட்டவும் ரயில்வே முடிவெடுத்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், அகலமான பாலம் நெரிசலைத் தள்ளிப்போடுமே தவிர, ஐயத்தைப் போக்காது. பாலம் கட்டப் பல கோடி ரூபாய் தேவை. தெளிவான அறிவிப்புக்கு ஒழுங்கு மட்டுமே தேவை.

2027-இல் நாசிக்கிலும், 2028-இல் உஜ்ஜைனிலும் கும்பமேளாக்கள் நடைபெறவுள்ளன. நீராடல் நாள்களைப் பஞ்சாங்கம் இப்போதே சொல்கிறது. அந்த நாள்களில் எந்தெந்த ஊர்களிலிருந்து மக்கள் புறப்படுவர் என்பதும் கணிக்க முடியாததன்று. இவ்வளவு தெரிந்திருந்தும் இன்னொரு படிக்கட்டில் உயிர்கள் போனால், அதை விபத்து என்று அழைக்கும் உரிமை நமக்கு இல்லை.