ஓடுற காலுக்கு ஒரு இடம் வேணும்!

சாயங்கால நேரம். பெரிய முதலியார்சாவடி பஸ் ஸ்டாப். புதுச்சேரி பக்கமிருந்து வரும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. டிரைவர் ஸ்டாப்பைத் தாண்டி இருபது முப்பது கஜம் தள்ளித்தான் நிறுத்துகிறார். அவ்வளவுதான்! நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு காலேஜ் பையன்கள் எடுக்கிறார்கள் ஓட்டம். முன்னால் போனவன் படியில் கால் வைக்கிறான். கடைசியாகப் போனவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறான்.

"ஏண்டா தம்பி, அடுத்த பஸ்ஸுல வரக்கூடாதா?" என்று உள்ளேயிருந்து ஒரு பெரியவர் அதட்டுகிறார். பையன்களோ சிரிக்கிறார்கள்.

இதுவும் ஓட்டப் பந்தயம்தான். கோப்பை கிடையாது, கைதட்டல் கிடையாது. தோற்றால் கால் போகும், சில நேரம் உயிரும் போகும்.

படித்த பிள்ளைகளுக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று கேட்கலாம். இந்தக் கிறுக்கு நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. சீமையிலே, உலகமே கொண்டாடும் ஒரு காலேஜிலும் இது உண்டு!

மணி அடிக்கும் முன்னே...

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ். 1546-ல் எட்டாம் ஹென்றி மன்னர் தொடங்கியது. சென்னை துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்த கும்பகோணத்து ராமானுஜன், 1914-ல் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது இங்கேதான். 1918-ல் அவரை 'பெல்லோ'வாகத் தேர்ந்தெடுத்ததும் இதே காலேஜ்தான். பிற்பாடு சந்திரசேகர் படித்ததும் இங்கேதான்.

அந்தக் காலேஜின் நடுவே ஒரு பெரிய முற்றம். சுற்றி வந்தால் சுமார் 370 மீட்டர். ஒரு பக்கம் மணிக்கூண்டு. அந்தக் கடிகாரத்துக்கு ஒரு விசித்திரப் பழக்கம்: ஒவ்வொரு மணியையும் இரண்டு தடவை அடிக்கும். பகல் பன்னிரண்டு என்றால் மொத்தம் 24 அடி. அடித்து முடிக்கச் சுமார் 43 வினாடி ஆகும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

முதல் அடி விழும்போது கிளம்பி, கடைசி அடி ஓய்வதற்குள் முற்றத்தைச் சுற்றி வந்துவிட வேண்டும். பந்தயம் அவ்வளவுதான்! புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு விருந்து நடக்கும் நாளில் பையன்கள் ஓடிப் பார்ப்பது வழக்கம்.

கேட்க எளிது. ஆனால் நாலு மூலை திரும்பணும், காலுக்கடியில் கல் பாவிய தரை. பெரும்பாலோர் தோற்றுத்தான் போகிறார்கள்.

1927-ல் பர்லி பிரபு என்ற மாணவர் ஓடி ஜெயித்தார். அவர் பக்கத்துக் காலேஜ்காரர்! மறு வருஷமே ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கினார்.

1981-ல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' சினிமாவில் இந்த ஓட்டத்தைக் காட்டினார்கள். ஆனால் ஜெயித்தவர் ஹெரால்ட் ஆப்ரஹாம்ஸ் என்று கதையை மாற்றிவிட்டார்கள். படம் பிடித்த இடமும் டிரினிட்டி அல்ல, வேறொரு பள்ளிக்கூடம். ஆஸ்கார் மட்டும் நிஜம்!

1988 அக்டோபரில் ஒலிம்பிக் வீரர் செபாஸ்டியன் கோவும் ஸ்டீவ் கிராமும் தர்ம காரியத்துக்காக அங்கே ஓடினார்கள். கோ முந்தினார். ஆனால் மணியை முந்தினாரா என்பதில் தகராறு! 2007-ல் டிரினிட்டியிலேயே படித்த ஒரு பொருளாதார மாணவர் 43 வினாடிக்குள் ஓடி முடித்தார்.

நம்ம ஊரு கதை

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பந்தயத்துக்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஒரு முற்றம், ஒரு கடிகாரம், நாலு பக்கமும் சுவர். சுவர் இருப்பதால் லாரி வராது. விழுந்தால் முட்டி சிராயும். எழுந்து போய் விருந்து சாப்பிடலாம்.

நம் பிள்ளைகளுக்கும் வழக்கம் உண்டு. சென்னையில் 'பஸ் டே' என்றார்கள். தினமும் ஏற்றிப்போகும் டிரைவர், கண்டக்டருக்கு மாலை போட்டு நன்றி சொல்லத்தான் அது பிறந்தது. நல்ல எண்ணம்தான். நாளடைவில் கூரை மேல் ஏறுவதும் அடிதடியுமாக முற்றியது. 2011-ல் ஐகோர்ட்டே தடை போட்டது. அப்படியும் 2019 ஜூனில், பஸ்ஸை பிரேக் போட்டதும் கூரையிலிருந்த மாணவர்கள் கொத்தாகச் சரிந்து ரோட்டில் விழுந்ததை நாடே பார்த்தது.

அங்கேயும் இளரத்தம், இங்கேயும் இளரத்தம். 'நான் யார் தெரியுமா?' என்று காட்டும் ஆசையும் ஒன்றே. அங்கே அந்த ஆசைக்கு ஒரு முற்றம் இருக்கிறது. இங்கே பஸ் படிக்கட்டுதான் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்!

எங்கே ஓடுவது?

பெரிய முதலியார்சாவடிப் பையன் ஓட நினைத்தால் எங்கே போவான்? கடற்கரையில் ஓடலாமே என்பீர்கள். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் அங்கேயே தடைபட்டது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று வரிசையாகக் கரையைக் கடல் தின்றது. மணல் இருந்த இடத்தில் பல இடங்களில் பாறாங்கல்தான் கிடக்கிறது.

மிச்சம் கிழக்குக் கடற்கரைச் சாலை. சனி, ஞாயிறு வந்தால் சென்னைக் கார்கள் பறக்கிற ரோடு. அதில் விடியற்காலை ஓடுவது, ஜன்னல் கம்பியில் தொங்குவதைவிடப் பெரிய பத்திரமில்லை. வடக்கே மரக்காணம் போனாலும் ஒரு பக்கம் உப்பளம், மறு பக்கம் இதே சாலை.

"ஓட்டம் சோறு போடுமாக்கும்?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. போடும், அய்யா! இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம் உண்டு. பையனாவது இருட்டில் ரோட்டோரம் ஓடிப் பழகுவான். பெண் பிள்ளை எங்கே போவாள்?

பக்கத்திலேயே ஆரோவில்லில் 2008 முதல் மாரத்தான் நடத்தியிருக்கிறார்கள். பரிசுக்காக அல்ல, ஓடும் சந்தோஷத்துக்காக என்று செம்மண் பாதையில் எங்கெங்கிருந்தோ வந்து ஓடினார்கள். வெளியூர்க்காரன் ஓட இந்த மண்ணில் பாதை இருக்கும்போது, உள்ளூர்ப் பிள்ளைக்கு மட்டும் இல்லாமல் போகலாமா?

கோடி ரூபாய் ஸ்டேடியம் யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூட, காலேஜ் மைதானங்களைக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து விடட்டும். சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு விளக்கும் ஒரு வாட்ச்மேனும் வைக்கட்டும். பஞ்சாயத்தும் காலேஜும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் ஒதுக்கலாம்.

கேட்டில் பூட்டு தொங்கும் வரை, பஸ் படியில் பையன் தொங்கத்தான் செய்வான். முதலில் பூட்டைக் கழற்றுங்கள்!