கை கோத்துக்கொண்டு படுக்காதீர்கள்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகும் நம் வயதுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எக்ஸ்ரே மாதிரி கதிர் பாயுமா?" என்பது. பாயாது. பதில் சரிதான். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் குறை.

இரும்பு ஆபத்து இப்போது பலருக்கும் தெரியும். 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன ஒருவர் இயந்திரத்தோடு சேர்த்து இழுக்கப்பட்டு இறந்துபோனார். அதன்பிறகு சாவிக்கொத்து, அரைஞாண், பேஸ்மேக்கர் என்று வாசலில் விசாரிக்கிறார்கள். நல்லது.

நான் சொல்ல வந்தது இன்னொரு காந்தம். பெரிய காந்தம் அசையாமல் இருக்கும். அதற்குள் உள்ள சுருள்களில் மின்சாரம் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை, சில சமயம் ஆயிரம் தடவைக்கு மேலும் திசை மாறும். டம டமவென்று சுத்தியல் அடிக்கிற சத்தம் அதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'கூரான் அந்துயி' நினைவிருக்கும். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை விட்டு எடுத்தால் கால்வனாமீட்டர் முள் ஆடும். மாறுகிற காந்தம் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அந்த மீட்டரின் ஒரு வகைக்குப் பெயர் கொடுத்த தார்சோன்வால் என்ற பிரெஞ்சு மருத்துவரே, மாறுமின்சாரம் ஓடும் சுருளுக்குள் தலையை வைத்தால் கண்ணில் ஒளி மினுக்குவதை 1896இல் எழுதிவைத்தார்.

நம் உடம்பும் மின்சாரம் கடத்தும். வேகமாக மாறும் காந்தம் நரம்பைத் தூண்டினால் தோளிலோ முதுகிலோ தொடையிலோ சதை துடிக்கும், சுருக்கென்று குத்தும். பெரும்பாலும் கெடுதல் இல்லை. மனிதர்களுக்குச் சராசரியாகத் துடிப்பு தெரியத் தொடங்கும் அளவில் 80 விழுக்காட்டுக்குள் சாதாரண ஸ்கேன் நிற்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்கு மேல் போனால் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். இதயத்தைத் தூண்ட இதைவிட மிக அதிகம் தேவை. ஆனால் சராசரி என்பது சராசரிதான். சிலருக்கு முன்னதாகவே துடிக்கும். இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டால் உடம்பே ஒரு வளையமாகிவிடும், துடிப்பு சீக்கிரம் வரும். தோலோடு தோல் ஒட்டும் இடத்தில் ரேடியோ அலையால் சுட்டுப்போகும் ஆபத்தும் உண்டு.

நம்மவர்கள் குழாய்க்குள் போனதும் என்ன செய்வார்கள்? கை கூப்பி முருகனைக் கூப்பிடுவார்கள். என் நண்பர் ஒருவர், வயது 74, அப்படித்தான் படுத்திருந்தார். பாதியில் தோளும் முதுகும் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கவாதம் வருகிறது என்றே நினைத்துக்கொண்டார். கையருகே ரப்பர் பந்து இருந்தது. அதை எப்போது அமுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அமுக்கினால் இன்னொரு தடவை பணம் கட்டச் சொல்வார்களோ என்று பயந்து, இருபது நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. எந்த ஸ்கேன் சென்டர் என்று எழுதப்போவதில்லை. அவரிடம் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து மட்டும் சரியாக வாங்கியிருந்தார்கள். கையெழுத்து விழுந்தால் கோப்பு முடிந்தது. எங்கள் அலுவலக வழக்கமும் அதுதான்.

முன்கூட்டிச் சொன்னால் பயந்து அசைவார்கள், படம் கலங்கும் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தெரிந்த துடிப்புக்கு யார் பயப்படுவார்? தெரியாமல் வந்தால்தான் குலை நடுங்கும்.

குமாஸ்தா வேலை பார்த்தவன், வரைவு எழுதாமல் இருக்க முடியவில்லை. படிவத்தோடு பெரிய எழுத்தில் தமிழில் இதையும் கொடுக்கட்டும்: "கைகளைக் கோக்கவோ கூப்பவோ வேண்டாம். தொடைகள் ஒட்டாமல் துணி வைக்கச் சொல்லுங்கள். லேசாகச் சதை துடிக்கலாம். வலித்தாலோ, எங்காவது சுட்டாலோ பந்தை உடனே அமுக்குங்கள். நிறுத்திவிட்டு வந்து பார்ப்போம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது."