தூங்குகிறவனுக்கு எதற்கு நடைவேகம்?

"அண்ணே, கர்னலை நானே கம்பைல் பண்ணிட்டேன். பவர்சேவ் போட்டாச்சு. இனிமே சார்ஜரே எடுத்துட்டு வரமாட்டேன் பாருங்க."

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் திங்கட்கிழமை காலை இப்படிச் சொன்னான். கைமாறி வந்த பழைய லேப்டாப், நான்காம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர், அதில் லினக்ஸ். லினக்ஸின் மையமான கர்னலை ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தானே கட்டியிருக்கிறான். வியாழக்கிழமை சார்ஜரோடு வந்தான். என்னப்பா ஆச்சு என்றேன். "பேட்டரி பழைய மாதிரியேதான் நிக்குது அண்ணே. பிரவுசர் திறக்கத்தான் ரொம்ப நேரமாகுது. ஆனா சூடே இல்ல." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி. சூடு இல்லை என்றால் எங்கோ மிச்சம் ஆகிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த அர்த்தத்தோடுதான் எனக்குச் சண்டை. கணினியை மெதுவாக ஓடவிட்டால் மின்சாரம் மிச்சமாகும் என்பது, கர்னல் என்றால் என்னவென்றே தெரியாதவர் முதல் அதைத் தானே கட்டிக்கொள்பவர் வரை எல்லோரும் நம்புகிற விஷயம். கர்னலின் மின்மேலாண்மை அமைப்பைத் திறக்கிறவர்களில் பாதிப்பேர் முதலில் தேடுவது ப்ராசஸரின் வேகத்தைக் கட்டிப்போடும் கயிறு எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. பைக்கில் மெதுவாகப் போனால் பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும். ஃபேனை இரண்டில் வைத்தால் கரன்ட் பில் குறையும் என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். (அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிச்சமாகியிருக்க வேண்டியதில் நல்ல பங்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது.) இந்த அனுபவத்தை அப்படியே தூக்கி ப்ராசஸர் மேல் வைத்துவிட்டோம்.

ப்ராசஸர் தன் வேலைக்குத் தின்னும் மின்சாரம் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ இருமடி விகிதத்தில் ஏறும். ஆகவே வோல்டேஜைத் தொடாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கினால் நொடிக்கு ஆகும் செலவு பாதி, வேலை முடிய ஆகும் நேரம் இரண்டு மடங்கு. பாதிக் கூலி, இரட்டிப்பு நாள். மேஸ்திரிக்கு ஒரு பைசா மிச்சமில்லை. வேகத்தோடு வோல்டேஜும் சேர்ந்து இறங்கினால்தான் லாபம்.

அப்படி நன்றாக இறங்கிய ஒரு காலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2003இல் வந்த இன்டெல் பென்டியம் எம், 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும்போது 1.484 வோல்ட்டில் 24.5 வாட் வரை எடுக்கும். 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 0.956 வோல்ட், 6 வாட். வேகம் எட்டில் மூன்று பங்காகிறது, மின்சாரமோ கால் பங்காகிறது. அதே வேலைக்கு ப்ராசஸர் மட்டும் எடுக்கும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு நிஜமாகவே மிச்சம். நம் நம்பிக்கையின் நல்ல காலம் அதுதான். ஆனால் வோல்டேஜை எல்லையில்லாமல் இறக்க முடியாது. ஒரு அடிமட்டத்துக்குக் கீழே சில்லு வேலையே செய்யாது. அந்த அடிமட்டத்தைத் தொட்ட பிறகும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் முன்சொன்ன மேஸ்திரி கணக்குதான். போதாததற்கு, விழித்திருக்கும் நேரமெல்லாம் சும்மாவே கசியும் மின்சாரம் வேறு. நேரம் நீண்டால் அதுவும் நீளும்.

கர்னலை எழுதியவர்களுக்கு இது அன்றைக்கே தெரியும். பென்டியம் 4க்கு 'கிளாக்மாட்' என்றொரு டிரைவர் உண்டு. கடிகாரத் துடிப்புகளில் சிலவற்றைத் தவிர்த்துவிட்டு ஓடும், வோல்டேஜைத் தொடாது. கர்னலைக் கட்டும் முன் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் பட்டியலில் அந்த வரியில் நின்று கேள்விக்குறி விசையைத் தட்டிப் பாருங்கள். வெப்பத்தைக் குறைக்கும், ஆனால் கடுமையான தாமதம் வரும், அபூர்வமான சூழ்நிலையில் மட்டும் பயன்படுத்து, சாதாரணமாக (வோல்டேஜையும் சேர்த்து இறக்கும்) ஸ்பீட்ஸ்டெப்பை எடுத்துக்கொள் என்று உதவிக்குறிப்பே எச்சரிக்கும். நம் தம்பி சொன்ன "சூடே இல்ல" இந்த ரகம்தான். ஒரே அளவு வெந்நீரைச் சின்ன டம்ளரில் ஊற்றினாலும் அகலத் தட்டில் ஊற்றினாலும் வெந்நீர் அவ்வளவுதான். தட்டில் கை சுடாது, அவ்வளவே.

நவீன ப்ராசஸர் மிச்சம் பிடிப்பது ஓடும்போது அல்ல, தூங்கும்போது. விழித்திருக்கும் நிலைக்குச் சி0 என்று பெயர். சி1 லேசான கண்ணயர்வு. சி6 என்றால் ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதியான கோரின் நினைவில் இருப்பதை ஒரு மூலையில் எழுதி வைத்துவிட்டு, கடிகாரத்தை நிறுத்தி, வோல்டேஜையே கிட்டத்தட்டப் பிடுங்கிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும்போது ப்ராசஸருக்கு வேலையே இல்லை. நேரத்தின் பெரும்பகுதியை அது இந்தத் தூக்கத்தில்தான் கழிக்க வேண்டும். கடிகாரமே நின்றுபோன ஒன்றின் வேகம் 800 மெகாஹெர்ட்ஸா 3 கிகாஹெர்ட்ஸா என்று யாராவது கேட்பார்களா? கேட்கிறோம். அமைப்பில் போய் அதை மாற்றிவிட்டும் வருகிறோம்.

அதைவிடப் பெரிய விஷயம், தூக்கம் கோருக்கு மட்டும் உரியதல்ல. எல்லாக் கோர்களும் தூங்கினால்தான் அவை பகிர்ந்துகொள்ளும் கேஷ், நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி எல்லாம் சேர்ந்து மொத்தச் சில்லும் ஆழ்ந்த நிலைக்குப் போக முடியும். கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தியில் ஒரே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கூடத்தின் விளக்கு எரிய வேண்டும், ஃபேன் சுழல வேண்டும், பரிமாறுகிறவர் வாளியோடு நிற்க வேண்டும். அவரைப் போய் "மெதுவா சாப்பிடுங்க, கரன்ட் மிச்சமாகும்" என்று சொல்வதுதான் நம் பவர்சேவ்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு வேலையை வேகமாகச் செய்தால் 10 நொடி, கோர்கள் 9 வாட் எடுக்கின்றன: 90 ஜூல். மெதுவாகச் செய்தால் 30 நொடி, வோல்டேஜும் குறைந்து 2.5 வாட்: 75 ஜூல். இதுவரை மெதுவானவருக்கே வெற்றி. இப்போது கூடத்து விளக்கைச் சேருங்கள். கோர் தவிர்த்த மற்றவை விழித்திருந்தால் 3 வாட், தூங்கினால் 0.5 வாட் என்று வையுங்கள். வேகமானவர் 10 நொடி விழித்து மீதி 20 நொடி தூங்குகிறார்: 30 ஜூலும் 10 ஜூலும். மெதுவானவர் 30 நொடியும் விழித்தே இருக்கிறார்: 90 ஜூல். கூட்டினால் வேகமானவருக்கு 130, மெதுவானவருக்கு 165. ஓடி முடித்துவிட்டுப் படுத்தவன் ஜெயித்தான்.

இதற்கு விதிவிலக்கு இல்லையா என்றால், உண்டு. முடிவே இல்லாத வேலைகளில் ஓடி முடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நொடிக்கு 60 காட்சி வரைந்துகொண்டே இருக்க வேண்டிய விளையாட்டு, ஒரு மணி நேர வீடியோ அழைப்பு: இவற்றில் தேவையான அளவுக்கு மட்டும் ஓடுவதே நல்லது. டர்போ உச்சியில் வோல்டேஜ் எகிறும். அங்கே நிற்பது விரயம். கைபேசியில் பெரிய கோரும் சின்னக் கோரும் கலந்திருக்கும்; எந்த வேலையை எதில் போட்டால் செலவு குறைவு என்று 5.0 பதிப்பிலிருந்து கர்னலே கணக்குப் பார்க்கிறது. ஆனால் இவற்றில் எதுவுமே "வேகத்தை அடியில் கட்டிப்போடு" என்று சொல்லவில்லை. அவ்வப்போது பார்த்து முடிவெடு என்றுதான் சொல்கின்றன.

பெயர்கள் செய்த துரோகத்தையும் சொல்லியாக வேண்டும். மெனுகான்ஃபிக்கில், ப்ராசஸரின் வேகத்தை முடிவுசெய்யும் இயல்புக் கவர்னர் எது என்ற இடத்தில் பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ், ஆன்டிமாண்ட், கன்சர்வேட்டிவ், ஷெட்யூடில் என்று வரிசையாக நிற்கும். மின்சாரத்தைச் சேமி என்ற பெயரிலேயே ஒன்று இருந்தால் யார்தான் அதைத் தொடமாட்டார்கள்? பொதுவான பவர்சேவ் கவர்னர் செய்வதெல்லாம் வேகத்தை ஆகக்குறைந்த இடத்தில் ஆணியடித்து வைப்பது. ஆனால் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் தானே பொறுப்பேற்று ஓடும்போது, அதற்குள் இருக்கும் பவர்சேவ் வேறு ஆள். வேலைப் பளுவுக்கு ஏற்ப வேகத்தை ஏற்றி இறக்குகிறது. ஒரே பெயர், இரண்டு நடத்தை. இணையத்தில் ஒருவர் "பவர்சேவ் போட்டேன், அருமை" என்று எழுதுகிறார். அவர் சொல்வது இரண்டாவதை. படித்தவர் போட்டுக்கொள்வது முதலாவதை. நம் தம்பி யாரோ எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து, "முழுக் கட்டுப்பாடு வேண்டும்" என்று பி-ஸ்டேட் டிரைவரை அணைத்துவிட்டுப் பவர்சேவைப் போட்டிருந்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டு ஆணியை அடித்துக்கொண்டான்.

சரி, கர்னலில் மிச்சம் எங்கேதான் இருக்கிறது? சரித்திரத்தைப் பார்த்தால் தெரியும். 2.6 வரிசையின் தொடக்கத்தில் பிசிக்களில் கர்னல் நொடிக்கு 1000 முறை தன்னைத் தட்டி எழுப்பிக்கொள்ளும். வேலை இருக்கிறதோ இல்லையோ. 2007இல் 2.6.21 பதிப்பில், சும்மா இருக்கும்போது இந்தத் தட்டலை நிறுத்தும் வசதி வந்தது. அடுத்த மாதமே இன்டெல்லிலிருந்து பவர்டாப் என்ற கருவி வந்தது. எந்த நிரல் நொடிக்கு எத்தனை முறை ப்ராசஸரை எழுப்புகிறது என்று பெயர் போட்டுக் காட்டியது. ஊரே விழித்துக்கொண்டது, ப்ராசஸர்கள் தூங்க ஆரம்பித்தன. யாரும் எதையும் மெதுவாக்கவில்லை. இன்றைக்கும் நொடிக்கு எத்தனை தட்டல் என்ற டைமர் எண்ணை 100க்குக் குறைத்தால் பேட்டரி நிற்கும் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது துடிப்பே நின்றுவிட்ட பிறகு அது நூறானால் என்ன, ஆயிரமானால் என்ன?

2011இல் நடந்தது இன்னும் சுவையானது. 2.6.38 பதிப்புக்கு மாறிய பல லேப்டாப்களில் பேட்டரி சட்டென்று குறைந்தது. ப்ராசஸர் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளைத் தூங்கவைக்கும் ஏஎஸ்பிஎம் என்ற ஏற்பாட்டை, பல பயாஸ்கள் வன்பொருளில் இயக்கி வைத்துவிட்டு, கர்னலுக்குக் காட்டும் அட்டவணையில் மட்டும் "இங்கே அது கிடையாது" என்று எழுதிவைத்திருந்தன. கர்னல் அந்த எழுத்தை நம்பி, ஓடிக்கொண்டிருந்ததை அணைத்துவிட்டது. பயாஸ் எப்படி வைத்ததோ அப்படியே விட்டுவிடு என்று கர்னல் நிரலாளர் மேத்யூ காரெட் அனுப்பிய திருத்தத்தால் சரியானது. மாதக்கணக்கில் மக்கள் கவர்னரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

எதிர்த்திசையிலும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. கணினி உறைந்து நின்றால் உடனே ஆழ்தூக்கத்தை முழுதாக அணைத்துவிடச் சொல்லும் பூட் வரி. இன்டெல்லின் பே டிரெய்ல் வகைச் சில்லுகளில் அது நிஜமான கோளாறுக்கு நிஜமான மருந்தாக இருந்தது. அதைக் கண்ட தலைவலிக்கெல்லாம் கொடுத்து, பிறகு "லினக்ஸ் பேட்டரியைத் தின்னுது" என்று புலம்புகிறவர்கள் தங்கள் பூட் வரியை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள், இந்தக் கட்டுரை உட்பட. பெரும்பாலான லேப்டாப்களில் பேட்டரி இப்போது எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பதைக் கர்னலே ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. டர்போஸ்டாட் கருவி, மொத்தச் சில்லும் எந்த ஆழத்தில் எத்தனை சதவீத நேரம் தூங்கியது என்று சொல்லும். ஒன்றும் செய்யாமல் ஐந்து நிமிடம் விட்டும் ஆழ்நிலைகளில் பூஜ்யம் என்று வந்தால், எங்கோ ஒரு கருவி வீட்டையே தூங்கவிடாமல் அழுதுகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடியுங்கள்.

தம்பியின் கணினியில் அதைத்தான் பார்த்தோம். ஆழ்நிலை வரிசை முழுக்கப் பூஜ்யம். நான்காம் தலைமுறை இன்டெல்லிலிருந்து, வட்டுக்குப் போகும் சாட்டா இணைப்பு தூங்கினால்தான் மொத்தச் சில்லும் ஆழத்துக்குப் போகும். அதற்குத் தோதாக 2018 தொடக்கத்தில் 4.15 பதிப்பில் ஒரு புது நிலை சேர்ந்தது. சும்மா இருக்கும்போது 1 முதல் 1.5 வாட் வரை மிச்சமாகும் என்று கணக்கிட்டு ஃபெடோரா 28 அதை லேப்டாப்களுக்கு இயல்பாகவே வைத்தது. மெனுகான்ஃபிக்கில் அது ஒரு எண். 3 வேண்டும். பேராசைப்பட்டு ஆகக்குறைந்த மின்சார நிலைக்குப் போனால் சில வட்டுகளில் தரவே கெடக்கூடும். இந்த வரி மின்மேலாண்மைப் பட்டியலில் இல்லவே இல்லை. கருவி டிரைவர்களுக்குள் போய், சாட்டா பகுதிக்குள் தேட வேண்டும்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கட்டிய கர்னலில் தம்பி அந்தப் பக்கமே போகவில்லை. எண் 0 என்றே இருந்தது.