வராத நாளுக்கும் நியாயம் உண்டு

"ஒரு மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் நிற்கலாம்?" இன்று எமது கிராமங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் இக்கேள்வியை அடிக்கடி கேட்கின்றனர். ஒரு தலைமுறைக்கு முன்னர் வன்னி மண்ணில் இக்கேள்விக்கு இடம் இருக்கவில்லை. கமக்காரனுக்கு மழையும் குளமுமே முதலாளி. காலபோக விதைப்பு நாட்களில் அவனால் ஒரு பொழுதும் நிற்க முடியாது. அருவி வெட்டிச் சூடடித்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் நாள் இருந்தது. வேலைக்கும் ஓய்வுக்கும் பருவம் இருந்ததே தவிர, வரவுப் புத்தகம் இருக்கவில்லை.

போர் அந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்களும், 1996 இல் கிளிநொச்சியை விட்டுக் காட்டோரம் ஒதுங்கியவர்களும், 2008, 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து பின்னர் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களும் எம் மத்தியில் உள்ளனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. ஊர் திரும்பியபோது பலருக்கு மாடு இல்லை, உழவு இயந்திரம் இல்லை. சிலருக்குக் காணியே இல்லை. கமம் செய்து வாழ்ந்த குடும்பம் சம்பளத்தை நம்பி வாழத் தொடங்கியது. பிள்ளைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகின்றனர். நகரத்துக் கடைகளில் நிற்கின்றனர். அதனால்தான் முன்பு கேளாத கேள்வியை இப்போது கேட்க வேண்டியுள்ளது.

முதலாளி பக்கத்து நியாயத்தையும் நாம் மறைக்கக் கூடாது. தொழிற்சாலையில் ஒரு சட்டையை ஒருவர் தைத்து முடிப்பதில்லை. ஒருவர் கழுத்துப் பட்டியைத் தைக்க, மற்றவர் கையைப் பொருத்த, இன்னொருவர் பொத்தான் வைக்கின்றார். வரிசையில் இருவர் சொல்லாமல் நின்றால் மற்றவர்களின் வேலையும் தடைப்படும். அன்றைய இலக்கை எட்ட அவர்களே கூடுதலாகப் பாடுபட வேண்டும். ஆகவே நினைத்தபோது நிற்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் வராத ஒவ்வொரு நாளையும் சோம்பலென்று எழுதும் உரிமையும் முதலாளிக்கு இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில்தான் நீதி நிற்கின்றது.

சட்டம் சொல்வது என்ன?

எத்தனை நாள் என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்த விடயமன்று. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உண்டு. அதன்படி ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும், சுகவீனத்துக்கும் சொந்த அலுவல்களுக்குமாக 7 நாள் அமைய விடுமுறையும் சம்பளத்துடன் கிடைக்க வேண்டும். முதலாவது ஆண்டில் அமைய விடுமுறை இரண்டு மாத வேலைக்கு ஒரு நாளாகச் சேரும். நகரத்துக் கடையொன்றில் நிற்கும் பிள்ளைக்கு, "நீ வராத நாளுக்குச் சம்பளம் இல்லை" என்று பொதுப்படச் சொல்வது இச்சட்டத்துக்கு மாறானது.

ஆடைத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் இருப்பவருக்கு விதி வேறு. அவருடைய வேலை சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டத்தின் கீழ் வருகின்றது. முந்திய ஆண்டில் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதைப் பொறுத்தே அவரது வருடாந்த விடுமுறை அமையும். ஆகவே வரவைப் பதியும் அட்டையும் சம்பளத் துண்டும் வெறும் கடதாசிகள் அல்ல. அவற்றை எறியாமல் வைத்திருப்பது காணி உறுதியைப் பாதுகாப்பது போன்றது. பிள்ளைப்பேற்று விடுமுறையில் முன்னர் இருந்த பாகுபாடும் 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தோடு நீங்கியது. எத்தனையாவது பிள்ளை என்ற கணக்கின்றித் தாய்மாருக்கு ஒரே அளவு விடுமுறை உண்டு.

சில நாட்கள் நின்றதற்காக, "இனி வர வேண்டாம்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட முடியுமா? 1971 ஆம் ஆண்டின் தொழில் முடிவுறுத்தல் சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கின்றது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்கினால், அக்காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். வேறு காரணமெனில் அவரது எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இன்னுமொன்று: வேலைக்கு வராமல் இருந்தது மட்டும் வேலையைக் கைவிட்டதாகாது, கைவிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்பது எமது நாட்டு நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை. "அம்மாவுக்குச் சுகமில்லை, திங்கட்கிழமை வருவேன்" என்று அனுப்பிய ஒரு சிறு செய்தியின் பெறுமதி இங்கேதான் தெரியும். திரும்பி வரும் எண்ணம் இருந்ததற்கு அதுவே சாட்சி.

உரிமை தண்டமாக மாறும் விதம்

சட்டத்தில் விடுமுறை இருந்தும் ஏன் எமது பிள்ளைகள் காய்ச்சலோடும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகின்றனர்? வரவுக் கொடுப்பனவே முக்கிய காரணம். 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலத்துக்குப் பின் இந்நாட்டு ஆடைத் தொழிலில் இது வேரூன்றியது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, மாதம் முழுவதும் தவறாது வந்தவருக்கு ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுப்பது இம்முறை. கேட்பதற்குப் பரிசு போலத் தோன்றும். ஆனால் குடும்பச் செலவு அத்தொகையையும் நம்பியே நடக்கும்போது, நின்றவருக்கு அது தண்டமே.

இக்கணக்கைத் தோட்டத் தொழிலாளரின் அனுபவத்தில் தெளிவாகக் காணலாம். அது எமக்கு அந்நியமான கதையன்று. 1958, 1977, 1983 கலவரங்களின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள் எம்மிடையே அநேகம். பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்ததையும், வேலை குறைந்தால் அரைப்பேர் போட்டதையும் அவர்களின் மூத்தோர் நன்கு அறிவர். 2013 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 620 ரூபா. அதில் அடிப்படை 450, வரவுக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. மாதத்தில் வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் 75 வீதம் வந்தவருக்கே அந்த 140 ரூபா.

25 நாள் வேலை கொடுக்கப்பட்ட மாதத்தை எடுங்கள். 19 நாள் வந்தவருக்கு 11,780 ரூபா. 18 நாள் வந்தவருக்கு நாளுக்கு 480 ரூபாவாக 8,640 ரூபா. ஒரேயொரு நாள் குறைந்ததற்கு இழப்பு 3,140 ரூபா. அதாவது ஐந்து நாள் உழைப்பு! பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அந்த ஒரு நாளுக்காக, ஏற்கெனவே மலையேறி உழைத்த நாட்களிலிருந்தும் பணம் கழிக்கப்பட்டது. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் வரவுக் கொடுப்பனவு நீக்கப்பட்டு அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக்கப்பட்டது. தொழிலாளர் கேட்டது 1,000 ரூபா. அது அன்று கிடைக்கவில்லை. ஆயினும் இம்முறை மாற்ற முடியாத விதியன்று, பேசி மாற்றக்கூடியது என்பதற்கு அது சான்று.

எமது மக்களின் நாட்கள்

இடம்பெயர்ந்து மீண்ட குடும்பத்துக்கு மற்றவர்களுக்கு இல்லாத நாட்களும் உண்டு. காணிக் கச்சேரிக்கு அழைத்தால் போகாமல் இருக்க முடியாது. ஒரு நாள் தவறினால் காணி அனுமதிப்பத்திரம் தள்ளிப் போகும். ஷெல் துண்டு உடலில் இருக்கும் தகப்பனை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தை நாம் அறிவோம். அங்கே போய் இருந்த தாயின் மகளும் ஒரு தொழிலாளியே. மே 18 எந்தத் தொழிற்சாலையின் நாட்காட்டியிலும் சிவப்பு எழுத்தில் இல்லை. எமது வீடுகளிலோ அது செத்தவீட்டு நாள். வற்றாப்பளைப் பொங்கலும் மடுத் திருவிழாவும் காலபோக அருவி வெட்டும் இவற்றோடு சேரும்.

இவற்றில் பெரும்பாலானவை திடீரென்று வருபவை அல்ல. பொங்கலும் திருவிழாவும் அருவி வெட்டும் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஏறத்தாழத் தெரிந்தவை. தெரிந்த நாட்களை முன்கூட்டியே பேசி, முறை வைத்து லீவு கொடுத்தால் வரிசையும் நிற்காது, வீடும் கலங்காது. அப்படிப் பேசாத இடத்தில்தான் தொழிலாளி பொய்க் காரணம் சொல்லவும், மேற்பார்வையாளர் உண்மைக் காரணத்தையும் நம்ப மறுக்கவும் நேர்கின்றது.

விடுதலைப் பயண நூலில் மோசே பார்வோனிடம் கேட்டதும் ஒரு லீவுதான். பாலைநிலத்துக்குப் போய் இறைவனை வழிபட மூன்று நாள். பார்வோனோ மக்களைச் சோம்பேறிகள் என்று ஏசி, வைக்கோல் கொடுப்பதை நிறுத்தி, செங்கல்லின் எண்ணிக்கையை மட்டும் குறைக்காமல் வைத்தான். அடிமைத்தனத்திலிருந்து மீண்ட அம்மக்களுக்கு இறைவன் தந்த கட்டளைகளில் ஓய்வுநாளும் ஒன்றாயிற்று; அந்த ஓய்வு வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் உரியது. 1891 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரும், 1981 இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் தொழிலாளரின் ஓய்வை இரக்கமாக அன்றி உரிமையாகவே பேசினர். எனவே பங்குகளும் துறவற சபைகளும் நடத்தும் பண்ணைகளும் பயிற்சி நிலையங்களும் இதில் முதலில் முன்மாதிரியாக நிற்க வேண்டும். தொண்டு என்ற பெயர் தொழிலாளியின் லீவை விழுங்கக் கூடாது.

தொழில் வழங்குவோரிடம் நாம் கேட்பது பெரிய விடயமன்று. சட்டப்படி எடுத்த லீவுக்காக வரவுக் கொடுப்பனவை வெட்டாதீர்கள். அக்கொடுப்பனவைப் படிப்படியாக அடிப்படைச் சம்பளத்தில் சேருங்கள். எமது மக்களின் முக்கிய நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே தொழிலாளரோடு பேசி ஒழுங்கு செய்யுங்கள்.

பெற்றோரே, பிள்ளைகளே, எமது கடமையும் உண்டு. சொல்லாமல் நிற்காதீர்கள், முடிந்தளவு எழுத்தில் அறிவியுங்கள், அதன் பிரதியை வைத்திருங்கள். வைத்தியரின் சான்றிதழை அன்றே எடுங்கள். வாசிக்காத கடதாசியில், குறிப்பாக விலகல் கடிதத்தில், ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். நீக்கப்பட்டால் காலம் தாழ்த்தாமல் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கக் கால எல்லை உண்டு. தனியாகப் போகப் பயமென்றால் மாதர் சங்கத்திலிருந்து இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காணிக்காக ஒன்றுசேர்ந்து நின்ற எமது மக்களால், ஒரு நாள் லீவுக்காகவும் ஒன்றுசேர்ந்து நிற்க முடியும்.